மாண்டரின் மெலிகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கே.ஆர்.பி. அணை ஓரத்தில் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டே நண்பர் ஒருவரிடம், வீட்டுத் தொட்டியில் இருக்கும் மீன் எதையும் சாப்பிடுவதில்லை என்று புலம்பினேன். "பசிச்சா தானா தின்னும், விடுங்க" என்றார். அணையில் வளரும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அது சரி. தவிடோ பிண்ணாக்கோ, போட்டதைத் தின்னும். என் தொட்டியில் இருப்பது மாண்டரின், உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வளர்க்கும் வண்ணக் கடல்மீன். அது அந்த ஜாதி இல்லை. பசியில் வாடினாலும் சரி, மூக்குக்கு முன்னால் தீனி மிதந்தாலும் சரி, அசையாத ஒன்றைத் தீனி என்றே அதற்குத் தெரியாது. மூன்று, நான்கு வாரத்தில் காய்ந்து போய்விடும். என் முதல் இரண்டு மாண்டரின்களும் அப்படித்தான் போயின.

சிக்கல் அதன் உடம்பிலேயே இருக்கிறது. விரல் நீளம்கூட வராத மீன். செதில் கிடையாது, வழவழப்பான தோல்தான். பாறைமேல் துடுப்பை ஊன்றி நடப்பதுபோல் நகரும், நிற்கும், ஒரு கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கும். பிறகு வாய் குழல்போல முன்னால் நீண்டு 'டக்'கென்று ஒரு கொத்து. ஒரு கொத்துக்கு ஒரு பூச்சி. குடல் குட்டை, சேர்த்துவைக்க இடமில்லை. அதனால் விளக்கு எரியும் நேரம் முழுக்க மேய்ந்தால்தான் உயிர் தங்கும். மேய்வது கோபிபாட் எனும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஓட்டுப் பூச்சிகளை. கடைக்காரர்கள் 'பாட்ஸ்' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மல்பெரித் தோட்டம் போடாமல் யாரும் பட்டுப்புழு வாங்கி வருவதில்லை. இலை முதலில், புழு பிறகு. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் எந்த விவசாயியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். மாண்டரின் வாங்குகிறவர்கள் (என்னையும் சேர்த்து) தலைகீழாகச் செய்கிறோம்: மீன் வந்த பிறகு இலை தேடுகிறோம். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு தப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஸ்கூட்டர் டிராகனெட், ரூபி ரெட் டிராகனெட், லெப்பர்ட் ராஸ் ஆகிய மீன்களுக்கும் பெரும்பாலும் இதே வைத்தியம்தான். கடல்குதிரையும் குழல்மீனும் இதே ரகத்துச் சாப்பாட்டுப் பிடிவாதம் உள்ளவைதான், ஆனால் அவற்றை இங்கே பேசப்போவதில்லை. 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

வயிறு ஒட்டியிருக்கிறது

பக்கவாட்டில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அந்த நீலமும் ஆரஞ்சும் கண்ணைக் கட்டிவிடும். மீன் கண்ணாடியில் ஒட்டி நிற்கும்போது கீழிருந்து பாருங்கள், அல்லது பவர்ஹெட்டை (நீரோட்டம் தரும் பம்ப்பை) நிறுத்திவிட்டு மேலிருந்து பாருங்கள். வயிறு லேசாக உருண்டிருந்தால் கவலையில்லை. தட்டையாக இருந்தால் எச்சரிக்கை. தலைக்குப் பின்னால் இருபக்கமும் பள்ளம் விழுந்து, முதுகெலும்பு வரப்புபோல எழும்பி, உடம்பைவிடத் தலை பெரிதாகத் தெரிந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் மீனைத் தனிமைப்படுத்துங்கள், ஆனால் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டாம். அதே தொட்டிக்குள் தொங்கும் குஞ்சுப் பெட்டி போதும். உள்ளே கைப்பிடி அளவு லைவ் ராக் (சின்ன உயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) ஒன்றை வையுங்கள். பெட்டிக்குள் போட்ட தீனியை வேறு மீன் திருடாது, ஓட்டம் அடித்துக்கொண்டு போகாது. மெலிந்த மீன் தீனியைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

தீனி: அன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் வகை) குஞ்சு, நாளைக்கு நான்கைந்து தடவை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் முட்டை. குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக மாட்டி, மூடிப் பக்கமிருந்து காற்றுக் குழாய், மேலே ஒரு விளக்கு. 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். தருமபுரியில் ஆண்டின் பெரும்பகுதி இதற்கு ஹீட்டரே தேவைப்படாது, சமையலறை அலமாரி போதும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் கீழே திரளும். கீழிருந்து மட்டும் எடுத்து, மெல்லிய வலையில் வடிகட்டி, கடல் உப்புத் தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு சேர்ந்து போனால் சின்னக் குடல் அடைத்துக்கொள்ளும்.

அன்று பொரித்ததை அன்றே போடுங்கள். குஞ்சு வயிற்றில் இருக்கும் மஞ்சள்கரு ஒரு நாளில் தீர்ந்துவிடும், அதற்குப் பின் அது வெறும் தோலும் தண்ணீரும்தான். முதல் நாள் மிச்சத்தை மறுநாள் போட்டுவிட்டு, "தின்னுது, ஆனா தேறலையே" என்று நானே ஒரு வாரம் குழம்பியிருக்கிறேன்.

வயிறு தேறப் பத்து நாளிலிருந்து மூன்று வாரம் ஆகும். எலும்பு தெரிகிற நிலைக்குப் போன மீன் நன்றாகத் தின்றுகொண்டே செத்துப்போவதும் உண்டு. அதற்கு உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம், பெரும்பாலும் கடையிலேயே ஒரு மாதம் பட்டினி கிடந்திருக்கும்.

நாள் முழுக்கக் கொத்துகிறது, ஆனாலும் மெலிகிறது

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். கொத்துவதைப் பார்த்ததும் சாப்பிடுகிறது என்று நிம்மதியாகிவிடுகிறோம். காய்ந்த காட்டில் ஆடும்தான் நாள் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டே திரியும்.

விளக்கு அணைந்து ஒன்றரை மணி நேரம் கழித்து டார்ச்சோடு போங்கள். கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடத்தைத் தேர்ந்து, மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே பாருங்கள். தூசுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தூசு நகராது. பாட்ஸ் நகரும், நிற்கும், விசுக்கென்று ஒரு துள்ளல் போட்டு வேறு பக்கம் ஊரும். எண்ணுங்கள். என் வீட்டுக் கணக்கு இது: அந்த உள்ளங்கை இடத்தில் இருபதுக்கு மேல் இருந்தால் தொட்டி மீனுக்குச் சோறு போடும். ஐந்துக்குக் கீழே என்றால் மீன் வெறும் பாறையைக் கொத்திக்கொண்டிருக்கிறது.

ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். தொட்டிக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். பழைய தொட்டி என்றால், அதே தீனிக்கு வேறு வாய் இருக்கிறதா? சிக்ஸ்லைன் ராஸ் மீன் ஒன்று போதும், மாண்டரின் பத்துக் கொத்து கொத்துவதற்குள் அது நாற்பது கொத்திவிடும். இரண்டு மாண்டரின், அல்லது மாண்டரினோடு ஸ்கூட்டர் என்றாலும் பங்குச் சண்டைதான். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியில்) ஃபில்டர் சாக் எனும் துணிப்பை மாட்டியிருந்தால் பாட்ஸ் அதில் சிக்கித் துவைக்கும்போது சாக்கடைக்குப் போகின்றன. நான் சாக்கைக் கழற்றியே இரண்டு வருடம் ஆகிறது. தண்ணீர் முன்னைப்போலப் பளபளப்பாக இல்லை, மீன் குண்டாக இருக்கிறது.

சரி, பெருக்குவது எப்படி? சம்ப்பில் ஒரு அறையை ரெஃப்யூஜியம் (மீன் நுழையாத புகலிடம்) ஆக்கி கீட்டோ எனும் நூல்பாசியைப் போட்டு, இரவில் விளக்கு எரியவிடுவது ஒரு வழி. சம்ப் இல்லாதவர்கள் தொட்டியின் பின்மூலையில் உடைந்த பாறைத் துண்டுகளைக் குவித்துவைக்கலாம். மீன் வாய் நுழையாத இண்டு இடுக்குகள்தான் பாட்ஸுக்குப் பிரசவ அறை.

இரண்டும் போதாதபோது வெளியே வளர்க்கத்தான் வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், தொட்டியில் இருக்கும் அதே உப்பளவில் தண்ணீர், ஏர்ஸ்டோன் இல்லாமல் வெறும் குழாயிலிருந்து நொடிக்கு ஒன்றிரண்டு பெரிய குமிழி. தீனியாக பைட்டோ, அதாவது நானோகுளோராப்சிஸ் மாதிரியான பச்சைப் பாசி. தண்ணீர் வெளிர்பச்சையாக வரும்வரை ஊற்றுங்கள். கேனுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் தலைப்பு தெரிய வேண்டும், பொடி எழுத்து தெரியக் கூடாது. தண்ணீர் தெளிந்தால் மறுபடி ஊற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை தயார், அதன்பின் வாரம் ஒருமுறை கால் பங்கு அறுவடை. அழுகிய முட்டை வாசம் வந்தால் அந்தக் கேன் போய்விட்டது, முகர்ந்தே கண்டுபிடிக்கலாம். அதனால் எப்போதும் இரண்டு கேன், இரண்டுக்கும் தனித்தனிக் குழாய்.

பைட்டோவை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். லேபிள் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மா அதை அருகம்புல் சாறு என்று நினைத்து டம்ளரில் ஊற்றிவிட்டார், வாசத்தால் தப்பித்தார்.

பாட்ஸ் வாங்கும்போது எந்த ரகம் என்று கேளுங்கள். டிக்ரியோபஸ் பெரிசு, சிவப்பு, வெட்டவெளியில் துள்ளும். மீனுக்கு விருந்து, ஆனால் அன்றே காலி. டிஸ்பி சின்னது, பாறை இடுக்கில் ஊர்ந்து ஒளிந்து குடும்பம் பெருக்கும். தொட்டியில் குடியேற்ற டிஸ்பிதான். விளக்கை அணைத்து, பம்ப்பை நிறுத்தி, குழாய் வழியாகப் பாறை அடிவாரத்தில் விடுங்கள். பகலில் மேலிருந்து கொட்டினால் மற்ற மீன்களுக்கு அன்னதானம்.

வாயில் எடுத்துத் துப்புகிறது

இது நல்ல செய்தி. உறைந்த தீனியைத் தீனி என்று சந்தேகிக்கவாவது தொடங்கிவிட்டது. துப்புவதற்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். மைசிஸை (உறையவைத்து விற்கும் இறால் போன்ற பொடி உயிர்) முழுசாகப் போடாமல் பிளேடால் பொடியாக நறுக்குங்கள். நன்றாகக் கரைய விடுங்கள், நடுவில் பனி இருந்தால் துப்பும்.

பழக்க ஒரு சின்ன ஜாடி போதும். ஊறுகாய் பாட்டிலை நன்றாகக் கழுவி, தொட்டி மூலையில் சாய்த்துப் படுக்கவைத்து, அதற்குள் பிப்பெட்டால் உயிருள்ள ஆர்ட்டீமியாவை விடுங்கள். தினமும் அதே நேரம், அதே மூலை. ஒரு வாரத்தில் பிப்பெட்டைப் பார்த்ததும் மீன் ஜாடிக்குள் நடந்து போகும். அதற்குப் பிறகு உயிருள்ளதோடு உறைந்ததைக் கால் பங்கு, பாதி என்று கலந்துகொண்டே போங்கள். ஜாடியின் வாய் குறுகலாக இருந்தால் டேமஸல், க்ளவுன் மாதிரியான மற்ற மீன்கள் உள்ளே வரத் தயங்கும். என் இப்போதைய மாண்டரின் இதற்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. பழகாமலே போகிறவையும் உண்டு, அவற்றுக்கு ஆயுள் முழுக்க பாட்ஸ்தான்.

பண்ணையில் பொரித்து வளர்த்த மாண்டரின் கிடைத்தால் விலை கூட என்றாலும் அதையே வாங்குங்கள். குஞ்சிலிருந்தே உறைந்த தீனிக்குப் பழகியிருக்கும். எதை வாங்கினாலும், காசு கொடுக்கும் முன் தின்னும் வீடியோ கேளுங்கள். சென்னை கொளத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நமக்குப் பார்சலில்தான் வருகிறது, நேரில் வயிற்றைப் பார்க்க வாய்ப்பில்லை.

மூச்சு வாங்குகிறது, கீழேயே படுத்திருக்கிறது

தீனிப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். முதலில் தண்ணீர். அம்மோனியா டெஸ்ட் போடுங்கள், பூஜ்ஜியத்துக்கு மேல் எது காட்டினாலும் அன்றே கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். தீனி பிடிக்காத மீனுக்காகத் திரும்பத் திரும்பத் தீனி கொட்டுவோம், மிச்சம் அழுகி அம்மோனியா ஆகும், அதனால் மீன் இன்னும் சாப்பிடாது. இந்தச் சுழலில் மாட்டிய தொட்டிகள் நிறைய.

அடுத்தது சூடு. சித்திரை, வைகாசியில் எங்கள் மாடி அறையில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியைத் தொடும். 25 முதல் 27 வரை இருக்க வேண்டிய இடம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதே சூட்டில் மீன் உடம்பு வேகமாக எரியும், பசியும் கூடும். ஏப்ரலில் மெலியும் மாண்டரினுக்கு மார்ச் மாத அளவு தீனி பத்தாது. தண்ணீர்ப் பரப்பின் மேல் ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். பதிலுக்கு நாளைக்கு நான்கைந்து லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரையே ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஒரே வாரத்தில் 1.026-இல் நிற்க வேண்டிய உப்படர்த்தி எங்கேயோ போய்விடும்.

மின்வெட்டு என்றால் பேட்டரி ஏர் பம்ப். இன்வெர்ட்டரில் ஒரு பவர்ஹெட்டையாவது சேர்த்துவிடுங்கள், விளக்கும் ஸ்கிம்மரும் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) சும்மா கிடக்கட்டும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரின் யோக்கியதை நமக்குத் தெரியும். ஃப்ளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த ஊர் இது. எங்கள் தெரு போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் 1100 காட்டுகிறது. வீட்டு ஆர்ஓ வழியாக வந்தது 70. குடிக்க 70 அருமை, கடல் தொட்டிக்கு அதன்பின் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் போட்டுப் பூஜ்ஜியம் ஆக்க வேண்டும். இவ்வளவு கடினமான தண்ணீரில் மெம்ப்ரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை மீட்டரை வைத்துப் பாருங்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினுக்காக கார்பன் ஃபில்டர் கட்டாயம். கடல் தண்ணீரையே கொண்டுவரலாமே என்பார்கள். கடல் இங்கிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். ஒருமுறை செய்தேன், கார் சீட் இன்னும் நாறுகிறது.

பனிக்காலத்தில் மந்தமாகிவிட்டது

தை மாதத்தில் ஓசூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார்.

"அண்ணா, தின்னுட்டு இருந்த மீன் ஒரு வாரமா மூலையில நிக்குது. தண்ணி டெஸ்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"காலையில அஞ்சு மணிக்கு தெர்மாமீட்டர் பார்த்தீங்களா?"

"பகல்ல பார்த்தேங்கண்ணா. 25."

மறுநாள் விடிகாலையில் பார்த்துச் சொன்னார்: 20. ஓசூர்ப் பனி அப்படி. பகல் அளவை மட்டும் நம்பினால் இது பிடிபடாது. ஹீட்டரின் ஆட்டோ கட் பழுதாகி இருந்தது. சூடு இறங்கினால் மீன் மட்டும் சோர்வதில்லை, கேனில் வளரும் பாட்ஸும் மெதுவாகிவிடும், அறுவடை பாதியாகும். நவம்பரிலேயே கேன்களைத் தொட்டி பக்கத்துக்கு, சுவரோரச் சூட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

வெள்ளை நூல்போலக் கழிவு

வயிறு காலியாக இருந்தாலும் இப்படி வரும், குடலில் ஒட்டுண்ணி இருந்தாலும் வரும். ஐந்து நாள் நன்றாகத் தீனி கொடுத்துப் பாருங்கள். கழிவு பழுப்பாக மாறினால் பசிதான் காரணம். மாறவில்லை என்றால் மருந்து தேவை. மருந்து கலந்த தீனியை இந்த மீன் தின்னாது என்பதால், வளர்ந்த ஆர்ட்டீமியாவை மருந்துத் தண்ணீரில் சில மணி நேரம் விட்டு, அது விழுங்கிய பின் அதையே தீனியாகக் கொடுப்பார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள், குத்துமதிப்பு வேண்டாம்.

உடம்பில் உப்புத் தூள் தூவியதுபோல்

வெள்ளைப் புள்ளி நோய். வழவழப்புத் தோல் இருப்பதால் மாண்டரினுக்கு இது குறைவாகத்தான் வரும், வராது என்றில்லை. செப்பு மருந்தைத் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். புள்ளி போகிறதோ இல்லையோ, நீங்கள் மாதக்கணக்கில் வளர்த்த பாட்ஸ் அத்தனையும் சாகும். எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள், பெரிய தொட்டி மீனில்லாமல் 76 நாள் கிடக்கட்டும். மேய ஆளில்லாத அந்த நாட்களில் பாட்ஸ் பெருகும் பாருங்கள்!

வந்ததிலிருந்து ஒளிந்தே இருக்கிறது

மூன்று நாள் பொறுங்கள், விளக்கைக் குறையுங்கள். பொழுது சாயும் வெளிச்சத்தில் வெளியே வரும், இயல்பே அதுதான். நான்காம் நாளும் காணோம் என்றால் யாரோ விரட்டுகிறார்கள். இரண்டு ஆண்கள் இருந்தாலும் இதே கதி. முதல் முதுகுத் துடுப்பின் முள் கொடிபோல நீண்டிருந்தால் ஆண்.

மீனையே காணவில்லை

தொட்டிக்குப் பின்னால் தரையைப் பாருங்கள், பிறகு சம்ப், பிறகு பவர்ஹெட் வாய். மேலே வலை மூடி போடாத தொட்டியில் பாறைக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும்

இதுவும் ஒரு அறிகுறிதான், திரும்பி வந்ததும் வயிறு ஒட்டியிருக்கும். போகிக்கு முதல் நாள் இரவு டார்ச் கணக்கு எடுங்கள். குறைவாக இருந்தால் ஒரு கேன் பாட்ஸ் முழுவதையும் இறக்கிவிடுங்கள், மற்றதை விதைக்கு வையுங்கள். நன்றாக இருக்கும் தொட்டி நான்கு நாள் தாங்கும். பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கும்போது தீனி டப்பாவைக் காட்டவே வேண்டாம். "கரண்ட் போச்சுன்னா இந்த சின்ன பம்ப்பை மட்டும் ஆன் பண்ணுங்கக்கா, வேற எதுவும் போடாதீங்க" என்று சொல்லி, டப்பாவை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். போன வருடம் நான் பூட்டவில்லை. "பாவம், பசியா இருந்துச்சு" என்று ஒரு டப்பா ஃப்ளேக்ஸ் முழுவதும் தொட்டிக்குள் போயிருந்தது.